மூன்று முறை வரவில்லை என்றால் குழந்தையின் சிகிச்சைக் கோப்பை மூடிவிடலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் படித்த பேச்சு, மொழி சிகிச்சையாளர். இப்போது ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வேலை செய்கிறேன். டனாமி சாலையில் ஏறக்குறைய 300 கி.மீ. தள்ளி இருக்கும், வால்பிரி என்ற பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்றுக்கு மாதம் ஒருமுறை போய், பேச்சு தாமதமாகும் சின்னக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே கடிதம் அனுப்புகிறோம், போன் செய்கிறோம். போய்ப் பார்த்தால் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேர்கூட வருவதில்லை. ஒரு தாய் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு ‘ஆமாம்’ என்றார். அடுத்த மாதம் வரவே இல்லை. மூன்று முறை வராவிட்டால் கோப்பை மூடிவிடு என்கிறது அலுவலக விதி. இந்த மக்களுக்குக் குழந்தைகள் மேல் அக்கறை குறைவோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அப்படித் தோன்றுவதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்ன செய்யட்டும், அக்கா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நானும் அந்த வட்டாரத்தில் பல வருடம் இதே வேலையைச் செய்தவள். உங்கள் கடைசிச் சந்தேகத்தை முதலில் பார்த்துவிடுவோம், அது மனதில் கிடந்தால் மற்ற எதுவும் உதவாது. நீங்கள் போகிற அந்த வால்பிரி ஊர்களுக்கு டனாமி தங்கச் சுரங்கத்திலிருந்து உரிமைத்தொகை வருகிறது. அதில் ஒரு பங்கைத் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று வால்பிரி ஆசிரியைகளும் மூத்த பெண்களும் கேட்டு வாங்கி, 2005-ல் ஓர் அறக்கட்டளையே அமைத்தார்கள். யுவெந்துமு, லஜமானு, நிர்ரிப்பி, வில்லோரா என்ற நான்கு ஊர்களிலும் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு அந்தப் பணம் செலவாகிறது. சுரங்கப் பணத்தில் பாலர் கல்வி நடத்துகிறவர்களைப் பார்த்து அக்கறை இல்லாதவர்கள் என்று நாம் சொல்ல முடியாது. ஒரு வீடு வரவில்லை என்றால் அந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று யோசிக்கலாம். பாதி ஊர் வரவில்லை என்றால், நம் சேவை எந்த முகத்தோடு அங்கே போய் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்தக் குழந்தையின் பாட்டி இடத்திலிருந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் வெள்ளை லேண்ட் குரூசரில் வந்து இறங்குகிறாள். கையில் கோப்பு. குழந்தை என்ன சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். அந்தப் பாட்டி இதையெல்லாம் பார்த்தவர். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பறிக்கப்பட்டதாக 1997-ல் வந்த தேசிய விசாரணை அறிக்கை சொன்னது. அப்படி வந்தவர்களும் குழந்தையின் நன்மைக்காக என்றுதான் சொன்னார்கள். 2007 ஜூன் மாதம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் நார்தர்ன் டெரிடரியில் மத்திய அரசு ‘இன்டர்வென்ஷன்’ என்ற அவசரத் தலையீட்டை அறிவித்தபோது, குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் ராணுவத்தினர் துணையோடு ஊர்களுக்குள் வந்தார்கள். இனப் பாகுபாடு தடைச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. குழந்தைகளுக்கு உடல்நலச் சோதனை நடத்தினார்கள், சம்பந்தமே இல்லாத குடும்பங்களின் உதவித்தொகையையும் பாதி முடக்கினார்கள். அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரி 13 அன்று, முன்பு குழந்தைகளைப் பறித்ததற்காகப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இன்றைக்கும் ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வெளியே அரசுப் பராமரிப்பில் வளரும் குழந்தைகளில் பத்தில் நான்குக்கு மேல் பூர்வகுடிக் குழந்தைகள். நாட்டின் குழந்தைகளில் அவர்கள் பங்கு ஆறு சதவீதம் அளவுதான். உங்கள் வண்டியைப் பார்த்ததும் கதவு சாத்தப்படுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

நம் தோல் நிறம் இங்கே பெரிதாக உதவாது. அவர்கள் கணக்கில் நீங்களும் ‘கார்டியா’தான், வெளியாள். ஒரு விஷயம் மட்டும் நமக்குச் சாதகம். உன் ஊர் எது, உன் அம்மா யார், உனக்கு எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள் என்று கேட்பார்கள். நமக்கு அது பழகிய கேள்வி. தயங்காமல் பதில் சொல்லுங்கள். போனில் குடும்பப் படம் இருந்தால் காட்டுங்கள். தொழில்முறை இடைவெளி என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை இங்கே அப்படியே கடைப்பிடித்தால், தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்தவர் வீட்டை மட்டும் துருவுகிறவள் என்றுதான் பெயர் வாங்குவீர்கள்.

அப்புறம், நார்தர்ன் டெரிடரி சட்டப்படி ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று நம்பினால் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். நீங்களும்தான். இதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ‘நான் வந்திருப்பது பேச்சுக்கும் காதுக்கும். குழந்தையை எடுத்துப்போகிற அலுவலகத்தைச் சேர்ந்தவள் இல்லை. ஆனால் குழந்தைக்கு அடிபடுகிறது, ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் நான் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி ஒன்று வந்தால், அவசர ஆபத்து இல்லாதவரை, முதலில் உங்களிடம்தான் பேசுவேன்.’ இப்படிச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்களே என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். நான் பார்த்த வரையில், அந்தப் பயம் ஏற்கெனவே அறைக்குள் உட்கார்ந்துதான் இருக்கிறது. நீங்கள் பேசினால்தான் அதற்கு ஓர் எல்லை தெரிகிறது.

இனி வேலைக்கு வருவோம். நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான்: பேச்சோடு ஆரம்பிக்காதீர்கள், காதோடு ஆரம்பியுங்கள். 2001-ல் வட, மத்திய ஆஸ்திரேலியாவின் 29 தொலைதூர ஊர்களில் இரண்டரை வயது வரையிலான பூர்வகுடிக் குழந்தைகளைச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு வகை நடுச்செவி நோய் இருந்தது. சீழ் வடியும் நாட்பட்ட செவி நோய் நான்கு சதவீதத்தைத் தாண்டினாலே பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்த எல்லையை இந்த ஊர்கள் பல மடங்கு தாண்டி நின்றன. பிறந்த சில வாரங்களிலேயே கிருமிகள் மூக்கின் பின்புறம் குடியேறிவிடுகின்றன. பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து வாழும் வீட்டில், குழாயும் வடிகாலும் சரியாக இல்லாத இடத்தில், அவை ஒரு குழந்தையிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகப் போகின்றன. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டுகிறது, பிறகு பறை கிழிந்து வடிகிறது. இதில் கொடுமை என்னவென்றால், பல குழந்தைகளுக்கு வலியே இருப்பதில்லை. குழந்தை அழுவதில்லை, காய்ச்சலும் இல்லை. பிறகு தாய்க்கு எப்படித் தெரியும்?

பேச்சு கற்க வேண்டிய வயதில், மாதக் கணக்கில், பாதி ஒலிதான் அந்தக் குழந்தைக்குள் போகிறது. அதனிடம் போய் நாம் படங்களைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாட்டிக்கு அது வேலையாகவே தெரியாது. வடியும் காதை கிளினிக்கின் ஹெல்த் வொர்க்கர் (சுகாதார ஊழியர்) சுத்தம் செய்யும்போது கூடவே உட்காருங்கள். டிஷ்யூ காகிதத்தைத் திரி மாதிரி முறுக்கி, காதுக்குள் மெதுவாக விட்டு, அரை நிமிடம் வைத்து எடுத்து, அடுத்த திரி, அதற்கடுத்த திரி என்று, ஈரமில்லாமல் வரும் வரை செய்வார்கள். அப்புறம்தான் சொட்டு மருந்து. குழந்தையின் தலை பாட்டியின் மடியில். நீங்கள் திரி முறுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் குழந்தை யாரைப் பார்க்கிறது, எதற்குத் திரும்புகிறது, பாட்டி சொல்வது எவ்வளவு புரிகிறது என்று நீங்கள் கவனிக்கலாம். ஒரு மணி நேரச் சோதனையில் கிடைக்காதது அதில் கிடைக்கும். ஹியரிங் ஆஸ்திரேலியா நிறுவனம் இன்னும் பள்ளி சேராத பூர்வகுடிக் குழந்தைகளுக்கு இலவசமாகச் செவிச் சோதனை செய்கிறது. அவர்கள் அந்த ஊருக்கு வரும் தேதியை வாங்கி, உங்கள் பயணத்தையும் அதே நாளில் வையுங்கள்.

உங்கள் தொழில் சார்ந்து ஒன்று. ஆங்கிலத்தில் செய்த உச்சரிப்புச் சோதனையை வைத்து அந்தக் குழந்தைகளைத் தயவுசெய்து மதிப்பிடாதீர்கள். வால்பிரியில் ‘ஸ’, ‘ஃப’, ‘ஹ’ ஒலிகள் கிடையாது. தமிழில் போலவே ‘ப’வை வலித்துச் சொன்னாலும் மெலிந்து சொன்னாலும் சொல் மாறாது. நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள வகை ஒலிகளும், ஒன்றுக்கு மேற்பட்ட ரகரங்களும் உண்டு. ஆங்கிலம் மட்டும் பேசும் சிகிச்சையாளர் காதில் ஒன்றாக விழும் இரண்டு ஒலிகளை உங்கள் காது பிரித்துவிடும். இந்த ஊரில் அது பெரிய சொத்து. கூடவே, அங்கே பெரியவர்கள் கையசைவிலேயே நீண்ட உரையாடல் நடத்துவார்கள். துக்கம் காக்கும் வால்பிரிப் பெண்கள் நெடுநாள் வாய் பேசாமல் சைகையால் மட்டும் பேசும் மரபில் வளர்ந்த முழு மொழி அது. காது மந்தமான குழந்தைக்கு இதைவிட நல்ல ஊன்றுகோல் எங்கே கிடைக்கும்? நகரத்திலிருந்து சைகை அட்டைகளைக் கொண்டுபோவதை விட்டுவிட்டு, அந்தச் சைகைகளைக் குழந்தைக்குக் கற்றுத்தரும்படி பாட்டியிடம் கேளுங்கள். மணலில் கோடு கிழித்துக் கதை சொல்வதும் பாட்டிகளின் வேலைதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் குழந்தையின் மொழி அளவு அங்கேயே தெரிந்துவிடும்.

நான் திரும்பத் திரும்பப் பாட்டி என்கிறேன், கவனித்திருப்பீர்கள். உங்கள் படிவத்தில் தாய், தந்தை என்று இரண்டு கட்டம்தான் இருக்கும். அங்கே அம்மாவின் சகோதரியும் அம்மாதான், அப்பாவின் சகோதரரும் அப்பாதான். பெரியம்மாவும் சித்தியும் இருக்கிற வீட்டில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மாவைப் பெற்ற பாட்டியை ‘ஜாஜா’ என்பார்கள். குழந்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதா, எப்போது, யாரோடு என்பதில் அவருடைய சொல்லுக்குத்தான் எடை. உங்களைப் பார்த்துச் சிரித்த அந்தத் தாய் பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணாக இருந்தால், முடிவு அவர் கையில் இல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

அந்த ‘ஆமாம்’ பற்றியும் சொல்ல வேண்டும். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டால், புரியாவிட்டாலும் உடன்படாவிட்டாலும் ‘ஆமாம்’ சொல்லி முடித்துவிடுவது பூர்வகுடி மக்களிடம் நன்றாகப் பதிவான பழக்கம். நீதிமன்றச் சாட்சியங்களை ஆராய்ந்த மொழியியலாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதிகாரம் உள்ள வெளியாளிடமிருந்து சண்டையில்லாமல் விலகும் வழி அது. ஆகவே கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் நாற்காலி போட வேண்டாம். தரையில், சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணுக்குள் பார்க்க வேண்டாம். நீங்கள் பார்த்ததைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்: ‘வெளியே நாய் குரைத்தபோது இவன் திரும்பவில்லை. பாட்டி கையை ஆட்டியதும் உடனே ஓடிவந்தான்.’ பதில் உடனே வராது. ஒரு நிமிடம் ஆகலாம், அடுத்த மாதம்கூட ஆகலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் பூர்வகுடி மொழிபெயர்ப்புச் சேவையில் பதிவு செய்யுங்கள். யாரை அனுப்புகிறார்கள் என்பதை மட்டும் முன்பே ஊரில் கேட்டுவிடுங்கள். மருமகன் முறையுள்ள ஆணை அனுப்பினால், மாமியார் முறையில் இருக்கும் பெண் அந்த அறையில் உட்காரவே முடியாது. வளர்ச்சியைச் சோதிக்க, இந்தக் குடும்பங்களுக்கென்றே மாற்றி அமைத்த ஏ.எஸ்.க்யூ.-டிராக் என்ற கருவி இருக்கிறது. படங்களோடு, குழந்தையை நேரில் செய்துகாட்டச் சொல்லி, குடும்பத்தோடு பேசிக்கொண்டே பூர்த்தி செய்வது. பயிற்சி எடுத்துக்கொண்டு அதைப் பயன்படுத்துங்கள்.

தனியாகப் போகாதீர்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே ‘காங்கிரஸ்’ என்று எல்லோரும் சொல்லும் பூர்வகுடி மக்களின் சொந்த மருத்துவ அமைப்பு 1973 முதல் இருக்கிறது. கர்ப்பம் முதல் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும் வரை வீட்டுக்கே போகும் திட்டம் ஒன்றை அவர்கள் நடத்துகிறார்கள். அதில் நர்ஸோடு ஒரு பூர்வகுடிப் பெண்ணும் சம வேலைக்காரராகச் சேர்ந்தே போவார். எந்த வீட்டில் இன்று கதவைத் தட்டலாம், எந்த வீட்டில் கூடாது என்பது அவருக்குத் தெரியும். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் கிளினிக்கிலோ பள்ளியிலோ கண்டிப்பாக இருப்பார். அவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அவருக்குத் துணையாகப் போங்கள். அவர் நேரத்துக்குச் சம்பளம் போட வேண்டும் என்று அலுவலகத்தில் பேசுங்கள். வழி காட்டுவதும் மொழிபெயர்ப்பதும் இலவச உபகாரம் என்று நினைக்கிற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருகிறது. ‘ஃபேமிலிஸ் ஆஸ் ஃபர்ஸ்ட் டீச்சர்ஸ்’ என்று 2009 முதல் டெரிடரி அரசு நடத்தும் தாய்-சேய் விளையாட்டுக் குழு உங்கள் ஊரில் இருந்தால், கிளினிக் அறையை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருங்கள். பெயர் கூப்பிட்டு, ‘பிரச்சினை உள்ள குழந்தை’ என்று ஊரறியக் காட்டாமலே வேலை நடக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில் நடந்ததை நம் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-ல் அங்குள்ள பெண்கள், ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் என்ற இருவர் முன்நிற்க, கடையில் கடுமையான மதுவை வாங்கிப்போவதைத் தடுக்க வைத்தார்கள். எதிர்ப்பு உள்ளூரிலிருந்தே வந்தது. அப்புறம் அவர்களே, கர்ப்பத்தில் மது பாதித்த குழந்தைகள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, குழந்தை மருத்துவப் பேராசிரியர் எலிசபெத் எலியட் குழுவை அழைத்தார்கள். 2002, 2003-ல் பிறந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். ஒரு தாயிடம் ‘வயிற்றில் குழந்தை இருந்தபோது குடித்தாயா’ என்று கேட்பதைவிடக் கூச்சமான கேள்வி இருக்க முடியாது. ஆனாலும் 95 சதவீதம் குடும்பங்கள் பங்கெடுத்தன. வீடு வீடாகப் போனவர்கள் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள். ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பாதிப்பு இருந்தது. சோதித்த ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்து என்ன செய்வது என்று ஒரு திட்டமும் கையில் கொடுத்தார்கள். ‘எட்ட முடியாத குடும்பங்கள்’ என்று நம் கூட்டங்களில் யாராவது ஆரம்பித்தால் நான் இந்த ஊரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நாள் குறிப்பது பற்றி. ஊரில் சாவு விழுந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். குடும்பங்கள் வேறு இடத்தில் போய்த் தங்கும், அது வாரக் கணக்கில் நீளலாம். புறப்படும் முன்பே போன் செய்து கேட்டுவிட்டால் 300 கி.மீ. வீணாகாது. இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயருள்ள உயிரோடிருப்பவரையும் ‘குமன்ஜாயி’ என்ற மாற்றுப் பெயரால்தான் அழைப்பார்கள். அதனால் கிளினிக் வாசலில் நின்று பட்டியலிலிருந்து பெயர்களை உரக்கப் படிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பட்டியலை முதலில் உள்ளூர் ஊழியரிடம் காட்டுங்கள். சடங்குக் காலம், ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) போட்டி வார இறுதி, உரிமைத்தொகைக் கூட்டம் இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கோடையில் காலை பத்து மணிக்குப் பிறகு யாரையும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் மேலாளரிடம் பேசுவதுதான் கடினம், அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். 2020-ல் மத்திய, மாநில அரசுகள் பூர்வகுடி அமைப்புகளோடு போட்ட ‘குளோசிங் தி கேப்’ ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள். பள்ளி சேரும்போது எல்லா வகையிலும் வளர்ச்சி சரியாக இருக்கும் பூர்வகுடிக் குழந்தைகளை 2031-க்குள் 55 சதவீதம் ஆக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. 2021-ல் அது 34.3 சதவீதம்தான் இருந்தது. வந்தவர், வராதவர் கணக்கு எழுதிக் கோப்புகளை மூடினால் அந்த எண் நகராது. மூடப்படுவது பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படும் குழந்தையின் கோப்பாகத்தான் இருக்கும். வருகைக் கணக்கோடு வேறு சிலவற்றையும் எழுத அனுமதி கேளுங்கள்: எத்தனை குழந்தைகளின் காது உலர்ந்தது, எத்தனை பாட்டிகளோடு பேசினீர்கள், உள்ளூர் ஊழியர் தானாகக் கூப்பிட்டு அனுப்பிய குடும்பங்கள் எத்தனை. அந்த ஊருக்கு ஆளை மாற்றாமல் குறைந்தது இரண்டு வருடம் உங்களையே அனுப்பச் சொல்லுங்கள். வருபவர்களெல்லாம் ஆறு மாதத்தில் காணாமல் போவதைப் பார்த்துப் பார்த்து, புதுமுகத்திடம் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல அந்த மக்களுக்கு அலுத்துவிட்டது.

அந்தத் தாயின் கோப்பை மூட வேண்டாம். இந்த மாதம் கடிதம் அனுப்பாதீர்கள், கிளினிக்கில் இருக்கும் ஹெல்த் வொர்க்கருக்குப் போன் செய்யுங்கள். குழந்தையின் ஜாஜா யார், இப்போது ஊரில்தான் இருக்கிறாரா, குழந்தையின் காதைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், நான் வந்தால் உங்களோடு அந்த வீட்டுப் பக்கம் வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம், இந்த மாதம் சரிப்படாது என்று அவர் சொன்னால், சரி என்று விட்டுவிட்டு அடுத்த மாதம் மறுபடி அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா